பேர் எழுதாத பாட்டில்

"இதுக்கு வேற பேரு வைக்க முடியுங்களா டீச்சர்?"

வசந்தாமணி கேட்டாள். வகுப்பு முடிந்து மற்றவர்கள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள். அவள் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு?"

"இந்தப் பவுடருக்குங்க."

மேசைமேல் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. ஹயலூரோனிக் ஆசிட் என்று அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

டீச்சர் நிலோஃபருக்கு முப்பத்துமூன்று வயது. மருந்தியல் படித்தவள். ஈரோட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலே, வாடகை அறையில், முகத்துக்குப் போடும் கிரீமும் சீரமும் வீட்டிலேயே செய்வதற்குச் சனிக்கிழமை தோறும் சொல்லிக் கொடுத்தாள். வசந்தாமணிக்கு ஐம்பத்திரண்டு. தன்னைவிடச் சின்னவளை டீச்சர் என்று கூப்பிட அவளுக்குக் கூச்சம் இல்லை. செல்போன் வந்த நாளிலிருந்து சின்னவர்களிடம் பாடம் கேட்காத பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்.

நிலோஃபர் அதிகம் பேச மாட்டாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது. கிரீம் ஏன் திரிந்துபோனது என்று ஒருத்தி கேட்டால், கரண்டியை அவள் கையில் கொடுத்துக் கழுவச் சொல்வாள். இதைத் தாங்காமல் பாதிப் பேர் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள். வசந்தாமணி நான்கு மாதமாக வந்துகொண்டிருந்தாள்.

"பேருல என்ன குறை?"

"ஆசிட்டுன்னு இருக்குதுங்களே."

நிலோஃபர் கரைத்து வைத்திருந்த சீரத்தில் இரண்டு சொட்டு எடுத்து, எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும் காகிதத்தின்மேல் விட்டாள். காகிதம் சிவக்கவில்லை. அதை வசந்தாமணி பக்கம் நகர்த்தினாள்.

"இது எரிக்காதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நம்ம தோலுக்குள்ள, மூட்டுல எல்லாம் இதே சரக்குத்தான் தண்ணியைப் புடிச்சு வெச்சிருக்குதுன்னு நீங்க மொதல் வாரமே சொன்னீங்க. நான் நம்பறேன். அவ நம்ப மாட்டா."

"யாரு?"

"என்ற தங்கச்சிங்க."

தங்கையின் பேர் கலாமணி. நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வயதில் ஆசிட் பட்ட முகம். இடது கன்னமும் தாடையும் கழுத்தும் ஒரே தோலாக இழுத்துப் பிடித்திருக்கும். மார்கழி பிறந்தால் அந்தத் தோல் காய்ந்து வெடிக்கும். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோவாள். வாயைத் திறக்கப் பயந்து திரும்பத் தட்டிலேயே வைத்துவிடுவாள். தோல் டாக்டர், தழும்புக்கு இனிமேல் செய்ய ஒன்றும் இல்லை, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். வசந்தாமணி இந்த வகுப்புக்கு வந்ததே அதற்காகத்தான். ஈரோட்டை அடுத்த சித்தோட்டில், அவர்கள் வீட்டில் அக்காளும் தங்கையும் தவிர வேறு யாரும் இல்லை. வசந்தாமணியின் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. கலாமணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

"சீரம் செஞ்சு குடுத்தீங்களா?"

"குடுத்தேனுங்க. நீங்க சொன்ன அளவுதான். நூறு மில்லி காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு ஒரு கிராம் பவுடரு. கெட்டுப்போகாம இருக்கறதுக்கு அந்த மருந்து ஒரு கிராம். முழங்கை மடிப்புல ரெண்டு நாள் தடவிப் பாத்துட்டுத்தான் மொகத்துக்குப் போட்டேன்."

"கேட்டுச்சா?"

"நாப்பது நாளுங்க டீச்சர். நாப்பதாவது நாள் காலைல அவ கொட்டாவி விட்டா. வாயை முழுசாத் தொறந்து. நான் அடுப்பை அணைச்சுட்டு நின்னு பாத்துட்டே இருந்தேன்."

வசந்தாமணி பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நான்தான் தினமும் பூசிவிடுவேன். அவ மொகத்தைத் தொட விட்டது என்னை மட்டுந்தானுங்க."

"அப்புறம்?"

"பாட்டில்மேல கத்தாழைத் தண்ணின்னு எழுதி ஒட்டியிருந்தேன். பவுடர் பொட்டலத்தை பீரோவுல மறைச்சு வெச்சிருந்தேன். சேலை எடுக்கப் போனவ பாத்துட்டா. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சா. ஏ, சி, ஐ, டி."

கலாமணி கத்தவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, மேல்தொட்டி காலியாகிறவரை முகத்தைக் கழுவினாள். பிறகு தன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அது நடந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. சாப்பிடவும் தைக்கவும் மட்டும் வெளியே வருகிறாள். அக்காளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. கன்னம் மறுபடியும் வெடித்து, நேற்று ரத்தம் கசிந்தது.

"அதனாலதான் கேக்கறேன். நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க. அவகிட்டக் காட்டிச் சமாதானம் பண்ணீர்றேன்."

நிலோஃபர் பொட்டலத்தைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு பேர் இருந்தது. சோடியம் ஹயலூரோனேட்.

"அப்படின்னா என்னங்க?"

"அந்த ஆசிட்டோட உப்பு. பொட்டலத்துக்குள்ள நெஜமா இருக்கறது இதுதான். எல்லாருக்கும் பழகின பேருன்னு முன்பக்கம் அதைப் போட்டிருக்காங்க."

வசந்தாமணியின் முகம் மலர்ந்துவிட்டது.

"உப்புங்களா? அப்ப பொய்யே கிடையாது. உப்புன்னே சொல்லீர்றேன்."

நிலோஃபர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் அளந்தாள். தராசில் ஒரு கிராம் பவுடரை நிறுத்தாள். இரண்டையும் அவள் முன்னால் வைத்தாள்.

"கரைங்க."

வசந்தாமணி பவுடரைத் தண்ணீர்மேல் தூவினாள். அது மிதந்தது. அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. கரண்டியை விட்டுச் சுழற்றினாள். பவுடர் உருண்டை உருண்டையாகத் திரண்டது. அவசரத்தில் இன்னும் வேகமாகச் சுழற்றினாள். உருண்டைகள் பெரிதாகின. இந்தத் தப்பை அவள் முதல் மாதத்தோடு விட்டிருந்தாள்.

நிலோஃபர் ஓர் உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்துக் கத்தியால் பிளந்தாள். மேலே வழவழவென்று கூழ். உள்ளே தூள் அப்படியே காய்ந்து கிடந்தது.

"தண்ணிக்குள்ளதான இருந்துச்சு? ஏன் நனையலை?"

"நான் கலக்கீட்டேனுங்க."

"ம்."

குவளையைக் கொட்டிக் கழுவினாள். புதிதாகத் தண்ணீரும் பவுடரும் அளந்து வைத்தாள்.

"மறுபடியும்."

"டீச்சர், நான் கேட்டது இது இல்லைங்க. உப்புன்னு சொல்லலாமா, கூடாதுங்களா?"

"தூவிட்டு உக்காருங்க."

தூவினாள். உட்கார்ந்தாள்.

அது தானாக ஊறிக் கரைய மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். நிலோஃபர் திரைக்குப் பின்னால் போய் மதியத் தொழுகையை முடித்துவிட்டு வந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தக்காளி சாதத்தை மூடியில் வைத்து வசந்தாமணிக்குக் கொடுத்தாள். இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். வசந்தாமணி குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சிமேல பட்டது என்ன ஆசிட்?" என்றாள் நிலோஃபர்.

"கக்கூஸ் கழுவறதுங்க."

"யாராவது ஊத்தினாங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. அவளாத்தான் போட்டுக்கிட்டா. தெரியாம."

"தெரியாமன்னா?"

"அன்னிக்கு அவளைப் பொண்ணுப் பாக்க வந்தாங்க. கார் வந்து நின்னுருச்சுன்னு சொன்னதும் அவசரத்துல பாத்ரூமுக்கு ஓடினா. மொகத்துக்குப் பன்னீர் போடலாம்னு, அங்க இருந்த பாட்டிலை எடுத்து உள்ளங்கையில ஊத்தி அப்பீட்டா. அவளுக்குச் சளி வேற புடிச்சிருந்துச்சு. வாசம் தெரியலைங்க."

"பன்னீர் பாட்டில்ல ஆசிட் எப்படி வந்துச்சு?"

"சைக்கிள்ல வருவாங்களே டீச்சர். ஆசிட்டு, பினாயிலுன்னு கூவிட்டு. அவங்க பாட்டில் தர மாட்டாங்க. நம்ம பாட்டிலை நீட்டுனா கேன்லேர்ந்து ஊத்திக் குடுப்பாங்க. ஒரு விசேசத்துல மிஞ்சின பன்னீர் பாட்டிலு காலியாக் கெடந்துச்சு. அதுதான் கைக்குக் கெடைச்சுது."

"அதுமேல என்ன எழுதியிருந்துச்சு?"

வசந்தாமணி மூடியில் ஒட்டியிருந்த பருக்கைகளைத் திரட்டினாள்.

"அக்கா. என்ன எழுதியிருந்துச்சு?"

"பன்னீர்னுதானுங்க."

நிலோஃபர் எழுந்து போய்க் குவளையைப் பார்த்தாள். தொடவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"யார் வாங்கி வெச்சது?"

"அம்மா."

பதில் சட்டென்று வந்தது. இருபத்தேழு வருடமாக நாக்கு நுனியிலேயே இருந்த பதில். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது அம்மாவே முன்னால் வந்து சொன்னது. அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டில் அதையேதான் சொல்லிவந்தார்கள்.

"அம்மா இருக்காங்களா?"

"போய்ச் சேந்து பதிமூணு வருசம் ஆச்சுங்க. கலாமணி கடைசி வரைக்கும் அம்மா கையால ஒரு வாய் சோறு வாங்கித் திங்கலை. அம்மா படுக்கையில கெடந்தப்பக்கூட வாசப்படியிலயே நின்னு பாத்துட்டுப் போயிட்டா. அம்மா அவ பேரைச் சொல்லிக் கூப்புட்டுட்டே இருந்துச்சு."

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. மணி மூன்றாயிற்று. மூன்றரை ஆயிற்று. குவளையில் இப்போது மேலே பவுடர் மிதக்கவில்லை.

"நான்தானுங்க," என்றாள் வசந்தாமணி.

நிலோஃபர் திரும்பிப் பார்த்தாள்.

"சைக்கிள்காரன்கிட்டப் பாட்டிலை நீட்டினது நான். அந்தத் தாளைக் கிழிச்சரணும்னு நெனைச்சேன். அப்புறமாப் பண்ணிக்கலாம்னு வெச்சுட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி ஆறே மாசம். பொண்ணுப் பாக்கறதுக்குன்னு ஒத்தாசைக்கு வந்திருந்தேன். உம் மாமியா வூட்டுக்குத் தெரிஞ்சா உன்னைச் சேத்திக்க மாட்டாங்க, நீ வாயைத் தொறக்காதேன்னு அம்மா சொல்லுச்சு. நான் தொறக்கலைங்க."

தட்டில் பிளந்து கிடந்த உருண்டையை ஓரமாக நகர்த்தினாள்.

"அம்மா செத்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். சொல்லலை. இப்ப கத்தாழைன்னு எழுதினதும் இதே கைதானுங்களே டீச்சர்."

அழுதாள். நிலோஃபர் சமாதானம் சொல்லவில்லை. முதுகைத் தடவவும் இல்லை. எழுந்தும் போகவில்லை.

அழுகை அடங்கிய பிறகு கேட்டாள்.

"உப்புன்னு சொல்லலாமான்னு கேட்டீங்களே."

"வேண்டாங்க."

குவளையில் சீரம் தெளிந்து, கட்டி இல்லாமல், கொழகொழவென்று இருந்தது. நிலோஃபர் கெடாமல் இருப்பதற்கான மருந்தை அளந்து விட்டுக் கலக்கினாள். புதுப் பாட்டிலில் ஊற்றி மூடினாள். மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினாள். வசந்தாமணி பேர் எழுதப் பேனாவை எடுத்தாள்.

நிலோஃபர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க தங்கச்சிக்கு எழுதத் தெரியுமா?"

"பத்தாவது பாஸ் பண்ணுனவங்க."

நிலோஃபர் பேனாவை வாங்கி, பாட்டிலோடு சேர்த்து அவள் பையில் போட்டாள்.

"பேரு எழுதாம எப்படிங்க டீச்சர் குடுக்கறது?"

நிலோஃபர் மின்விசிறியை நிறுத்தினாள். அவள் மின்விசிறியை நிறுத்தினால் வகுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

பஸ்ஸில் வசந்தாமணிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கத்தாழையைப் பற்றி மட்டும் சொன்னால் போதாதா என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கே கலாமணி மன்னித்துவிடுவாள். மன்னித்தால் மறுபடி முகத்தைத் தொட விடுவாள். இன்னொன்றைச் சொன்னால் இந்த வயதில் தங்கையும் இல்லை, வீடும் இல்லை. அம்மா போய்விட்டாள், பழி அவள்மேலேயே இருந்தால் அவளுக்கு இனி என்ன வந்துவிடப்போகிறது என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சித்தோடு வந்து இறங்கும்வரை எதுவும் முடிவாகவில்லை.

கலாமணி முற்றத்தில் மாலை வெயில் பார்த்து உட்கார்ந்து, யாருடைய ஜாக்கெட்டுக்கோ ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கத்தாழைன்னு சொன்னது பொய். அதுல இருந்தது ஹயலூரோனிக் ஆசிட். அது எரிக்காது. ஆனா அந்தப் பேரை உன்கிட்ட மறைச்சேன்."

ஊசி நிற்கவில்லை.

"பன்னீர் பாட்டில்ல ஆசிட் வாங்கி வெச்சது அம்மா இல்லை. நான்."

ஊசி நின்றது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

பதினோரு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு இது.

"தெரியும். எனக்காகத்தான் அம்மா அப்படிச் சொல்லுச்சு."

"நான் அம்மாவைப் பேசினதையெல்லாம் நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தான இருந்தே."

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

கலாமணி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். அறைக்குள் போனாள். தாழ் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. அம்மா, அம்மா என்றுதான் அழுதாள். முகம் எரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் அப்படி அழுது வசந்தாமணி பார்த்ததில்லை.

கதவைத் தட்டப் போனாள். கையை இறக்கிக்கொண்டாள்.

மறுநாளும் தட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் தட்டவில்லை. சமைத்து மேடைமேல் மூடி வைத்தாள். கலாமணி அவள் இல்லாத நேரம் பார்த்து வந்து எடுத்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ஒரு பையில் நாலு சேலை எடுத்து வைத்தாள். போ என்று சொன்னால் பேசாமல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

நான்காம் நாள் காலையில் கலாமணி சமையலறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கன்னத்தின் வெடிப்பு உதட்டோரம் வரை வந்திருந்தது. வாயை அதிகம் திறக்காமல் பேசினாள்.

"அது எங்க?"

வசந்தாமணி ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தாள்.

"எப்படிப் போடணும்?"

"நான் பூசி..."

"உன் கை வேண்டாம். சொல்லு, போதும்."

வலித்தது. வலிக்காமல் இருக்குமா. ஆனாலும் சொன்னாள்.

"மொதல்ல மொகத்தை நனைச்சுக்க. தொடைக்காதே. ஈரத்துமேலதான் போடணும். காஞ்ச தோல்ல போட்டா, அது உள்ள இருக்கற தண்ணியையே இழுத்துக்கும். போட்டு ஊறினதும் மேல கிரீமைத் தடவிக்க."

கலாமணி குழாயடியில் முகத்தை நனைத்தாள். பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகப் போனவள் நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் எழுதலை."

"எழுதலை."

"பேரு இல்லாத பாட்டிலை நான் எப்படித் தொடறது?"

வசந்தாமணி வகுப்புக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

கலாமணி அக்காளையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள். பாட்டிலை மேடைமேல் படுக்க வைத்து, முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் குனிந்தாள். தாளின் இடப்பக்கம் நிறைய இடம் விட்டுவிட்டு, வலது ஓரமாக ஒரு சொல்லை நிதானமாக எழுதி முடித்தாள்.

பிறகு பேனாவை இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆசிட்டுன்னு எழுத எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால இருக்கறதை நீ சொல்லு."